பலாவுக்கு வெட்டிய ஷாஃப்ட்

பலாக்கன்று வைப்பதைப் பற்றி என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். இரண்டைக் கொன்று ஒன்றை வளர்த்தவள். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கூரைக்கு மேலே நிற்கிறதே, அந்த மரம் என் கையால் வைத்தது.

விதை பங்காருபேட்டையில் அம்மா வீட்டு மரத்தினுடையது. அம்மா போன மறுவருஷமே தம்பி வீட்டை விற்றான். வாங்கியவர் முதல் வேலையாக மரத்தை வெட்டினார். அதற்கு முன் பறித்த கடைசிப் பழத்தைத் தம்பிதான் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், அவனோடு பேசவில்லை. அன்றிலிருந்து ஒன்பது வருஷம் பேசவில்லை. அம்மா மரத்துச் சுளையை இன்னொரு முறை தின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அதுவும் அவன் தயவில்லாமல்.

பலா விதை காய்ந்தால் முளைக்காது. கழுவி, நிழலில் வைத்து, ஒரு வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். நான் மூன்றே மூன்றைப் பையில் ஊன்றினேன். மிச்சத்தை வீட்டுக்காரர் ஆசைப்பட்டாரென்று குழம்பில் போட்டுத் தொலைத்தேன். நல்லவேளை, மூன்றும் முளைத்தன.

முதல் கன்றுக்குக் குழி வெட்டும் பொறுப்பை அவரிடம் விட்டேன். சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர். பெங்களூரில் என் வேலை முடிந்து, சாயங்கால ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்தால், பின்பக்கம் அவருடைய தலை மட்டும் தெரிகிறது. கழுத்தளவு குழி. மண் சரியாமலிருக்க நாலு பக்கமும் பலகை அடித்து முட்டுக் கொடுத்திருந்தார்.

"பலாவுக்கு இன்னா, சுரங்கத்துக்கு எறக்கற மாதிரி ஷாஃப்ட் எறக்கறீங்களா?" என்று கேட்டேன். ஆழத்தில்தான் ஈரம் இருக்கும், வேர் அலைய வேண்டாம் என்று விளக்கம் சொன்னார். அவரோடு ஷிப்ட் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆழமாக வெட்டியவனை எங்கள் ஊரில் குறை சொல்ல ஆள் கிடையாது. கன்றை அடியிலேயே நட்டார். ஐப்பசி மழையில் குழி நிறைந்தது. பக்கெட்டால் இறைத்தார், இறைத்தார். பலாவுக்கு நீர் தேங்கினால் ஆகவே ஆகாது. வேர் அழுகி, பத்தே நாளில் இலை கறுத்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இரண்டாவதை நானே வைத்தேன். பையைக் கிழிக்காமல் கன்றைப் பிடித்து இழுத்தேன். ஆணிவேர் அடியில் சுருண்டு ஒட்டியிருந்தது, படக்கென்று அறுந்தது. அவர் அறுந்த வேரை எடுத்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாவதற்கு இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். முழங்கால் ஆழம் மட்டும் குழி. செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து நிரப்பி, அதற்கு மேல் ஒரு சாண் மேடு கட்டினோம், தண்ணீர் வழிந்தோட. பையை பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் மேட்டின் மேல் வைத்தோம். முதல் இரண்டு கோடைக்குத் தென்னங்கீற்று நிழல், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், ஆடு வாய் வைக்காமலிருக்க முள். அப்புறம் அது பாட்டுக்கு வளரும்.

போன வருஷம் அடிமரத்தில் ஒரே ஒரு காய் நின்றது. பழுத்து வீடெல்லாம் மணத்த அன்று, வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். அவன் வந்து கதவருகிலேயே நின்றான். நான் நிமிர்ந்து பார்க்காமல், கத்தியில் எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்தேன்.

முதல் சுளையை நானே வாயில் போட்டேன். அம்மா மரத்துச் சுளை கெட்டி. கடித்தால் சத்தம் வரும். இது கொழகொழவென்று தொண்டையில் இறங்கியது. இனிப்புக்குக் குறைவில்லை, ஆனால் அம்மா பழம் இல்லை. விதையில் வருகிற பலா தாய் மரத்தைப் போலவே இருக்க வேண்டுமென்று கட்டாயம் கிடையாது. அது எனக்குத் தெரியும்தான். தெரிந்தும் சத்தம் வருகிறதா என்று இன்னொரு சுளையை எடுத்துக் கடித்துப் பார்த்தேன்.

தம்பி ஒரு சுளையை எடுத்து மெதுவாக மென்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா மரமே தான்க்கா," என்றான்.

எனக்குப் பொய் பிடிக்காது. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். அவனிடம் சொல்ல ஒன்பது வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்ததும் கொஞ்சநஞ்சமில்லை.

"ஆமாண்டா," என்றேன். "அதே தான். உக்காந்து துன்னு."