கமிஷனரக்காவின் கடைசிச் சீசன்

ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது பிரம்மநாயகி செருப்பைக் கூடைக்கம்பத்தின் அடியில் கழற்றிவிட்டுத் தளத்தில் இறங்குகிறார். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை வெறுங்கால் நடை. திரும்பி அடுத்த கோடு. சிமெண்டுத் தரையில் ஒரு பொட்டு மணல் கிடந்தாலும் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நின்றுகொண்டு, "எலே, இங்கன வாரியலக் கொண்டா" என்பார். கூப்பிட்ட குரலுக்கு யார் ஓடிவந்தாலும் பெருக்க வேண்டியது அவன்தான், அன்றைக்கு ஆடப்போகிற பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி. களக்காட்டு அணிக்கென்று சென்னையிலிருந்து வந்த ஒருவன் முதல்நாள் முகம் சுளித்தான். "நீ வழுக்கி விழுந்தா புது மூட்டுக்கு நான் எங்கடே போவேன்? பெருக்கு" என்றார். பெருக்கினான்.

அறுபத்தொரு வயது. ஐந்தடி பத்தங்குலம். பாளையங்கோட்டைத் தெருவில் அவர் நடந்துபோனால் இன்றைக்கும் எதிரே வருகிறவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். இளமையில் மாநில அணிக்கு ஆடியவர். அந்த ஆட்டத்தால் வங்கி வேலை கிடைத்து, மேலாளராக ஓய்வு பெற்றார். கழுத்தில் விசில் தொங்கும். அதை ஊதி யாரும் கேட்டதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தால் சமாதானம். அணி முதலாளிகள் தூரத்திலேயே தலைப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வருவார்கள்.

பொருநை கூடைப்பந்து லீக் என்று தாமிரபரணிப் பக்கத்தில் ஊருக்கொரு அணி, ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் என்று தொடங்கியபோது, நடத்துகிறவரை என்னவென்று அழைப்பது என்ற பேச்சு வந்தது. தலைவர், செயலாளர் என்றால் ஏதோ சங்கம் மாதிரி இருக்கிறது என்றார்கள். அமெரிக்காவில் இப்படி லீக் நடத்துகிறவரைக் கமிஷனர் என்றுதான் சொல்கிறார்கள் என்று திருநெல்வேலி டவுண் அணியின் முதலாளியான பாத்திரக்கடை அம்மையப்பன் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊர் முழுக்கக் கமிஷனரக்கா. போலீஸ் கமிஷனரென்று நம்பி ஓர் ஆட்டோக்காரர் கேட்ட கூலியில் பாதிக்கு இறங்கிவந்த கதையை அவரே சொல்லிச் சிரிப்பார்.

கூட்டம் நடத்தும் முறையும் அவருடைய கண்டுபிடிப்புதான். பேசுகிறவர் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். கை வலித்தால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த ஏற்பாடு வந்த பிறகு முதலாளிகளின் பேச்சு சுருங்கிவிட்டது. கங்கைகொண்டான் அணிக்காரர் மட்டும் வீட்டில் தண்ணீர் வாளியை நீட்டிப் பிடித்துப் பழகிவிட்டு வருவதாகக் கேலி உண்டு.

இந்தச் சீசனோடு அவர் போகிறார். சர்க்கரை நோயில் உள்ளங்கால் மரத்துக்கொண்டே வருகிறது. "மண்ணு தெரியாத கால வச்சிக்கிட்டு நான் என்னத்த லீக்கு நடத்த?" என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டார்.

போகிறார் என்றதும் ஊர் அவரைத் தராசில் ஏற்றிவிட்டது. நோன்பு மாதத்தில் ஆட்டம் வந்தபோது நடந்ததை மேலப்பாளையம் அணியின் பீர் முகம்மது எல்லாரிடமும் சொல்கிறார்: "தராவீஹ் தொழுகை முடியட்டும், பைய ஆடிக்கிடலாம்னு அவ்வோளாத்தான் சொன்னாவ. நாங்க கேக்கவே இல்ல." களக்காட்டு அணியின் இசக்கிதுரை வாழைத்தார் வியாபாரி. ஒருமுறை அவர் பக்கத்துக் கூட்டத்திலிருந்து நடுவர் தலையில் பழத்தோல் வந்து விழுந்தது. அதற்காக அவரை இரண்டு ஆட்டத்துக்கு மைதானத்துக்குள் விடாமல் வெளியே நிறுத்திவிட்டார் பிரம்மநாயகி. "நல்லாத்தான் நடத்துனாவ, இல்லங்கல. ஆனா என்னைய வெளிய நிறுத்துனாவல்லா, அதையும் சேத்துத்தான் சொல்லணும்" என்கிறார் இசக்கிதுரை. வாழைத்தார் வியாபாரியின் ஆளே பழத்தோலை வீசினால் தொழிலுக்குத்தான் அவமானம் என்று அப்போது பிரம்மநாயகி சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் மழை வருமா வராதா என்ற பேச்சைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறார் பிரம்மநாயகி. அவர் காத்திருந்தது ஒருத்தியின் சொல்லுக்கு. அவள் பெயர் ஜெமிமா.

முதல் இரண்டு சீசன்களில் பெண்கள் பிரிவும் இருந்தது. பாளையங்கோட்டைப் பெண்கள் அணிக்கு ஜெமிமாதான் தலைவி. மூன்றாவது சீசன் நெருங்கும்போது, இரண்டு பிரிவையும் தாங்க முடியாது, ஒன்றைத்தான் நடத்தலாம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் பிரிவை விட்டால் லீக்கே இருக்காது. ஒரு வருடம்தானே என்று பிரம்மநாயகி தலையாட்டினார். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

ஜெமிமாவின் கோபம் அதில்கூட இல்லை. சேதியை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று பிரம்மநாயகி அவள் வீட்டுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வாசலில் காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. உட்காருவதற்குள் ஜெமிமாவின் அம்மா தட்டு நிறைய அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்குமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பண்டிகை வீட்டில், கையில் பலகாரத்தை வைத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைக்கு இனி ஆட்டமில்லை என்று எப்படிச் சொல்வது? முந்திரிக்கொத்து நன்றாக இருக்கிறது என்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். வரப்போகிற சீசனுக்கென்று வாங்கிய புதுக் காலணியை ஜெமிமா பெட்டியோடு கொண்டுவந்து காட்டினாள். அதையும் பார்த்து நல்ல நிறம் என்றார். எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் அம்மையப்பன் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் ஜெமிமா தெரிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுல தின்னுட்டு, சொல்லாம எந்திச்சுப் போனாவ. அது எப்பிடி எறங்குச்சு?" என்று அவள் கேட்டது பிரம்மநாயகியிடம் அல்ல. தாஜ் முகம்மதுவிடம்.

தாஜ் முகம்மது கடிகாரக் கடைக்காரர்; லீக்கின் நேரக்காப்பாளர். ஜெமிமா லீக்கை விட்டுப் போகவில்லை. நடுவர் தேர்வு எழுதித் தேறி, இன்றைக்கு லீக்கின் நடுவர்களுக்குத் தலைமையும் அவள்தான். பிரம்மநாயகியோடு பேச்சு மட்டும் தாஜ் வழியாக. "அண்ணாச்சி, ரெண்டாம் பாதி தொடங்கப் போகுதுன்னு கமிஷனர்ட்ட சொல்லுங்க" என்பாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிரம்மநாயகி, "சரின்னு சொல்லுங்க தாஜ்" என்பார். ஆரம்பத்தில் தாஜ் ஒவ்வொன்றையும் உண்மையாகவே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாலே போதும் என்று கண்டுகொண்டார். மேசையில் தனக்கு இரண்டு வேலை, சம்பளம் ஒன்றுக்குத்தான் என்று சொல்லித் திரிவார். ஆனாலும் நடுநாற்காலியை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சீசனின் கடைசிக் கூட்டத்தில் பந்து கைமாறிக் கைமாறி வந்தது. வாங்கியவரெல்லாம் புகழ்ந்தார்கள். பிரம்மநாயகியிடம் வந்ததும், அடுத்த வருடம் பெண்கள் பிரிவு திரும்ப வர வேண்டும் என்று கேட்டார். யாரும் அவர் கையிலிருந்து பந்தை வாங்க முன்வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. கடைசியில் அம்மையப்பன், உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதையெல்லாம் அடுத்து வருகிற கமிஷனர் பார்த்துக்கொள்ளட்டும், போகிற நேரத்தில் எதற்கு என்றார்.

பிரம்மநாயகி பந்தை மடியில் இறக்கிக்கொண்டார். தலைப்பை இடுப்பில் செருகினார்.

"சரி. இறுதிப் போட்டிக்கு நேரம் குறிக்கது கமிஷனர் வேலைதான? நாலு மணிக்கு ஆம்பளைய ஆடட்டும். ஆறு மணிக்குப் பொம்பளப் பிள்ளைய ஆடும்."

ஆறு மணி என்பது விளக்குகள் எரிகிற நேரம், நேரலை தொடங்குகிற நேரம், விருந்தினர்கள் வந்து முன்வரிசையில் அமர்கிற நேரம். லீக்கின் தொடக்கத்திலிருந்து அது ஆண்களின் இறுதி ஆட்டத்துக்கே உரியது.

"விருந்தாளியெல்லாம் ஆறு மணிக்குத்தானக்கா வருவாவ?" என்றார் அம்மையப்பன்.

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

"இத்தன வருசம் சம்பாதிச்ச பேரு அக்கா. போறப்ப கெடுத்துக்கிடாதீய."

"கெட்டா கெடட்டும் அம்மையப்பன். என் பேருதான."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜெமிமாவின் பக்கம் அப்போதுதான் எல்லாரும் திரும்பினார்கள். ஆடிப் பல வருடமான பெண்கள். ஒருத்தி செவிலி, இரண்டு பேர் ஆசிரியர்கள், பலருக்குக் கைக்குழந்தை. அவள் மாட்டேன் என்றால் ஆறு மணிக்கு வெறும் தளத்தைத்தான் விருந்தினர்களுக்குக் காட்ட வேண்டும். அவள் தாஜ் முகம்மதுவைப் பார்த்தாள்.

"நாங்க ஆடுதோம்னு சொல்லுங்க அண்ணாச்சி. ஆடிட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிக்கிட வேண்டாம்னும் சொல்லுங்க."

"நெனைக்கலன்னு சொல்லுங்க தாஜ்" என்றார் பிரம்மநாயகி.

இறுதி நாளன்று நாலு மணி ஆட்டத்தில் களக்காடு தோற்றது. முடிந்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டது. பிரம்மநாயகி மேசையருகே அமர்ந்து காலியாகிற படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலை மறித்துக்கொண்டு நின்றது இசக்கிதுரை. "எங்கலே கெளம்பிட்டீய? வேனு நான் சொன்னாத்தான் எடுப்பான். போய் ஒக்காருங்க" என்று தன் ஊர்க்காரர்களைத் திருப்பி அனுப்பினார். திரும்பிய கூட்டத்தைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் தயங்கி நின்றார்கள். மேலப்பாளையத்து இஷ்ரத் தலையில் துணியை இறுகக் கட்டி, முழுக்கைச் சட்டையோடு, குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தபோது அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் தொடங்கி, மெல்லப் பரவியது.

பந்தை எறியப்போன இளம் நடுவர் சற்று நின்று, கூச்சத்தோடு ஜெமிமாவின் காதைக் காட்டினார். நகையோடு ஆடக்கூடாது என்று எத்தனையோ பேரிடம் கறாராகச் சொன்னவள், இன்றைக்குத் தன் கம்மலை மறந்துவிட்டாள். திருகாணியைத் திருகிக்கொண்டே மேசைக்கு ஓடிவந்தாள். வழக்கம்போலத் தாஜ் முகம்மது உள்ளங்கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். பிரம்மநாயகியின் வலது கையைப் பிடித்து விரித்து, இரண்டு கம்மலையும் திருகாணிகளையும் அதில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"தொலச்சிராதீயக்கா."

பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள். தாஜ் முகம்மது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

ஊர்க்கணக்குப் பார்க்காமல் இரண்டு அணியாகப் பிரிந்ததில் ஜெமிமாவும் இஷ்ரத்தும் ஒரே பக்கம். பெண்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் சில நிமிடம் பந்து கையில் நிற்கவில்லை; இஷ்ரத் இரண்டு முறை வெறும் காற்றுக்கு எறிந்தாள். பிறகு ஜெமிமா வலப்பக்கக் கோட்டோரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போய், பார்க்காமலே பின்னால் தள்ளிவிட, இஷ்ரத் வாங்கிக் கூடையில் போட்டாள். களக்காட்டுக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பிரம்மநாயகியின் இடது கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் அம்மையப்பன் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வந்தார். பொன்னாடை தோளில் விழுந்தது. அதன் பின்னால், பந்தும் கூடையும் செதுக்கிப் பிரம்மநாயகியின் பெயர் பொறித்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு ஆள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுக்கிறவர் முன்னால் மண்டியிட்டார்.

"ரெண்டு கையாலயும் வாங்குங்கக்கா, படத்துக்கு" என்றார் அம்மையப்பன்.

"அங்கன நாற்காலில வையுங்க அம்மையப்பன்" என்றார் பிரம்மநாயகி. தளத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மூடிய வலது கையை மடியில் வைத்து, அதன்மேல் இடது கையையும் பொத்திக்கொண்டார்.