எல்லார் வரப்பிலும் பூசணி

வண்டியை விட்டு இறங்கியதும் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டுத்தான் வேன் அக்கா யாரையும் நலம் விசாரிப்பார். மண் மணத்தால், "உயிர் இருக்கு" என்பார். மணக்காவிட்டால் தோட்டக்காரரை ஏற இறங்கப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊரைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டங்களில் விளைவதை வாரம் இரண்டு முறை ஏற்றிவந்து வீடுகளுக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கும் கொடுப்பது அவர் தொழில். கூடையில் என்ன இருக்கும் என்று கேட்கக் கூடாது. விளைந்தது இருக்கும். மாடி வீட்டுக்காரம்மா ஒருமுறை, "தக்காளி இல்லையா?" என்று முகத்தைச் சுளித்தார்.

"தக்காளிக்கு இப்போ லீவு. கீரை டூட்டியில இருக்கு, அதைச் சாப்பிடுங்க."

அக்காவின் பேச்சுக்கு மயங்காத தோட்டக்காரர் இல்லை, ஒருவரைத் தவிர. அது அவர் கூடப்பிறந்த தம்பி. வருஷக்கணக்காக மக்காச்சோளம் ஒன்றையே போட்டு, மருந்தடித்து, நிலத்தைச் செங்கல்லாக்கி வைத்திருந்தான். "பலதும் கலந்து போடுடா, மண்ணை வைக்கோல் போட்டு மூடுடா" என்று அக்கா நச்சரித்த நச்சரிப்பில் போன போகம்தான் ஒருவழியாக இறங்கி வந்தான்.

அங்கேதான் அக்கா சொதப்பினார். "வரப்பு சும்மாதானே கிடக்கு, ஏதாவது கொடி போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். என்ன கொடி என்று சொல்லவில்லை. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. தம்பி உட்பட அத்தனை பேரும், தாமே கண்டுபிடித்த மாதிரி, பூசணி போட்டார்கள். பூசணிக்கு என்ன குறை? தாராளமாகக் காய்த்தது. எல்லாத் தோட்டத்திலும், ஒரே வாரத்தில்.

வேன் நிரம்பி, கூடம் நிரம்பி, குளியலறை வரை பூசணி. "ஏம்மா, நான் எங்க உக்கார?" என்று கேட்ட கணவர், ஒரு பூசணிமேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூன்றாவது வாரம் வேன் சத்தம் கேட்டதும் மாடி வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

தம்பி சிரிக்கவில்லை. "உன் பேச்சைக் கேட்டதுக்கு நல்லா பட்டுட்டேன். அடுத்த போகம் பழையபடி சோளம்தான். விதை மூட்டை வாங்கியாச்சு." அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சொந்தத் தம்பியையே நிறுத்திவைக்க முடியாதவள் ஊரை என்னத்தைத் திருத்துவது?

மறுநாள் எல்லாத் தோட்டக்காரர்களையும் வேன் நிறுத்தும் கொட்டகைக்கு வரவழைத்தார். காய் எல்லாம் ஒரே வண்டியில் வந்துகொண்டிருந்ததே தவிர, இவர்கள் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை. "தப்பு என்னுதுதான். தனித்தனியா ஓதிட்டேன். இனிமே யாரு என்ன போடறதுன்னு கூடிப் பேசித்தான்" என்றார் அக்கா. பீன்ஸ் எனக்கு, பாகல் உனக்கு என்று ஒரே ரகளை. கேன்டீன் சமையல்காரர் மனமிரங்கி, மிச்சப் பூசணியைச் சூப்புக்கு எடுத்துக்கொண்டார். தம்பி மட்டும் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

அடுத்த நடைக்கு அவன் தோட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அக்கா இறங்கினார். மருந்து வாடை அடித்தால்? அன்று அவர் குனியவில்லை. சும்மா நின்றார். அவன் தோட்டக் கொட்டகை வாசலில் சோள விதை மூட்டை தைத்த தையல் பிரியாமல் கிடந்தது.

தம்பிதான் வந்து உட்கார்ந்து, வைக்கோலை விலக்கி, ஒரு பிடி அள்ளி நீட்டினான். கறுத்த, ஈர மண். நடுவில் ஒரு மண்புழு நெளிந்தது.

"மோந்து பாருக்கா. மண்புழுவைச் சின்ன வயசுல பார்த்தது. இது இருக்கற இடத்துல மருந்தடிக்க மனசு வரலை. மூட்டையைத் திருப்பிக் கொடுத்துடறேன்." வரப்பைக் காட்டி, "ஆனா சத்தியமா பூசணி மட்டும் போட மாட்டேன்" என்றான்.

அக்கா குத்த வைத்து உட்கார்ந்தார். அவன் கையிலிருந்ததை இரண்டு கையாலும் வாங்கி, எடுத்த குழியிலேயே இறக்கி, வைக்கோலை இழுத்து மூடி, மெல்லத் தட்டிக் கொடுத்தார்.