ஃபிசா கடையின் பச்சை டிக்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஃபிசாவின் கடைக்குப் பிரிண்ட் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும், பென் டிரைவை நீட்டியதும் பிரிண்ட் வந்துவிடாது. முதலில் அதைச் செருகி, ரைட் கிளிக் அடித்து, ஆன்டிவைரஸை ஓட விடுவாள். பச்சை டிக் விழுகிறவரை ஒரு ஃபைலையும் திறக்க மாட்டாள். "இன்னாமா, ஒரு பக்கத்துக்கா இத்தினி சோதனை?" என்று யாராவது முனகினால், "என் மிஷின் படுத்தா நீங்களா நைனா வந்து எழுப்புவீங்க?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் 'ஃபிசா கடை சுத்தம்' என்று பேர் வாங்கியிருந்தாள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தப் பேரைத்தான் ஒரு வியாழக்கிழமை மந்தைவெளி வைதேகி மாமி வந்து உரசிப் பார்த்தார். மகள் ஷ்ரேயாவின் தீஸிஸில் முதல் சில பக்கங்களை போன வாரம் இங்கேதான் பிரிண்ட் எடுத்திருந்தார். இப்போது அதே பென் டிரைவில் ஃபைல் ஒன்றையும் காணோம், எல்லாம் வெறும் ஷார்ட்கட்டாக நிற்கிறது, வைரஸ் வேலை.

"ஏம்மா, இது உன் கடைலேர்ந்து வந்துதா, எங்காத்து லேப்டாப்லேர்ந்து வந்துதான்னு தெரியணும். ஆத்துலேர்ந்துன்னா லேப்டாப், பென் டிரைவ் ரெண்டையும் அழிச்சுடணுமாம், சர்வீஸ்காரன் சொல்றான். தீஸிஸ் அந்த ரெண்டுலயும்தான் இருக்கு, வேற எங்கயும் இல்லை. மூணு வருஷ உழைப்பும்மா."

ஃபிசாவுக்குச் சுருக்கென்றது. என் கடையிலிருந்தா? வேலையெல்லாம் நிறுத்திவிட்டு, மாமி கண்ணெதிரிலேயே முழு ஸ்கேனைத் தட்டினாள்.

அது ஓடிய லட்சணத்தை என்ன சொல்ல. விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு ஃபைலாக முகர்ந்து பார்த்துக்கொண்டு கிடந்தது. பாதியில் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருப்பேனா என்றது. பிரிண்டர் தூங்கியது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்கு நழுவினார்கள். ஃபிசாவுக்கு மவுஸைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. கடைசியில் ஒருவழியாகப் பச்சை டிக் விழுந்தது. மானிட்டரை மாமி பக்கம் திருப்பினாள்.

"நல்லா பாத்துக்கோங்க. கோளாறு உங்க வீட்டுலதான். அந்த டிரைவை இனிமே என் மிஷின்ல செருகமாட்டேன், எடுத்துக்கினு போங்க."

மாமி டிரைவைப் பையில் போட்டுக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் ஈக்காட்டுத்தாங்கலில் அச்சகம் வைத்திருக்கும் அன்வர் பாஷா போன் பண்ணினார். "இன்னா ஃபிசா, காலைல நீ குடுத்தனுப்புன பென் டிரைவ் பூரா ஷார்ட்கட்டா கீது."

அது புத்தம் புதுசு. அவளே உறையைப் பிரித்து, தன் கம்ப்யூட்டரில் மட்டுமே செருகியது.

நேற்றைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திறந்தாள். டிக்கைத் தாண்டி அதை அவள் படித்ததே இல்லை. அடியில் பொடி எழுத்தில் கிடந்தது: 'கஸ்டமர்' ஃபோல்டர் விலக்கப்பட்டுள்ளது.

விலக்கியது வேறு யாருமில்லை, அவளேதான். காலேஜ் அப்ளிகேஷன் கூட்டம் நெரித்த சமயம், பழைய ஜிப் ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் கழுத்தை அறுத்ததால், 'இந்தப் பக்கமே வராதே' என்று அமுக்கிவிட்டு மறந்துபோனாள். மிஷின் இழுக்கிறதென்று, எந்நேரமும் காவல் காக்கிற வசதியையும் அணைத்திருந்தாள். மெயிலில் வருவது உட்பட ஊரார் ஃபைலெல்லாம் விழுவது அந்த ஃபோல்டரில்தான். கடைக்குள் வரும் பென் டிரைவைச் சோதித்தாளே ஒழிய, வெளியே போகிறதை ஒரு நாளும் சோதித்ததில்லை. சனியன், இவ்வளவு முட்டாளா நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விலக்கை எடுத்துவிட்டு அந்த ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்தாள். சிவப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தன. அது முடியக்கூட அவள் காத்திருக்கவில்லை, மாமிக்கு போன் போட்டாள்.

"மாமி, லேப்டாப்பைத் தொடாதீங்க. தப்பு என்னோடது, வைரஸ் இங்கதான் இருக்கு. உங்க பென் டிரைவ்ல ஃபைலெல்லாம் போகலை, உள்ளேயே மறைஞ்சு கிடக்கு. எடுத்துட்டு வாங்க, நான் மீட்டுத் தரேன்."

மாமி மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டையும் காலம்பறயே அழிச்சாச்சும்மா. ஷ்ரேயா வேண்டாம்னுதான் அழுதா. ஃபிசாவே பாத்துச் சொல்லிட்டா, அவ சொன்னா சரியா இருக்கும்னு நான்தான் அழிக்கச் சொன்னேன்."