பிரஷைத் தேடிய பெண் பொலிஸ்

யுத்த காலத்தில், எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ஓர்ஸ் ஹில்லுக்குப் போகும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில், எங்கள் பைகளைச் சோதிக்கப் பெண் பொலிஸ் ஒருவர் நின்றார். குட்டையான, அகன்ற உருவம். ஒரு கன்னம் எப்போதும் உப்பியிருக்கும். அதற்குள் ஒரு கராம்பை அதக்கி வைத்திருப்பார்.

எனக்குப் பதினாறு வயது. பல்லைச் சுற்றிய முரசில் இரத்தம் கசிந்ததால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தீட்டச் சொல்லியிருந்தார் பல் வைத்தியர். என் புத்தகப் பைக்குள் பிரஷைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என் வயதுப் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமல் இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

“பிரஷ் எதுக்கு? எங்க ஓடப் போறது?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“பள்ளிக்கூடத்துக்குத்தான், மிஸ். சாப்பிட்டுப் பல்லுத் தீட்ட.”

“அப்ப தீட்டிக் காட்டு.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நுரை வழிய வழியத் தீட்டினேன். என் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர், “கடவாய் விட்டது. திரும்பத் தீட்டு,” என்றார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டு, “நான் சின்ன வயசில தீட்ட இல்ல. இப்ப கராம்புதான்,” என்றார்.

அதன்பின் அவர் என் பையைக் கிளறுவதில்லை. பிரஷை மட்டும் காட்டச் சொல்வார். ஒருநாள் அதை மறந்துவிட்டேன். அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“பிரஷ் எடுத்து வா,” என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

பிரஷ் இருந்ததற்காகவும் இல்லாததற்காகவும் என்னை மறித்தவர் அவர் ஒருவர்தான். இன்றுவரை கடவாயை இரண்டு தரம் தீட்டுகிறேன்.