நூலுக்கு மட்டும் நாலணா

இன்று எதிர்வீட்டு அக்கா போர்வையை வாங்கிப்போக வந்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதென்று அவர் கொடுத்திருந்த பழைய சேலைகளை அடுக்கி, மழைக்காலம் முழுக்கக் கையாலேயே தைத்தேன். விரலெல்லாம் ஊசிக்குத்து.

கூலியைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“சேலை என்னோடது. கறம்பக்குடி சந்தையில வாங்குன நூலுக்கு நாலணா தாரேன். வீட்டுல சும்மா இருக்கவ, ஒனக்கு எதுக்குக் கூலி?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சரிங்கக்கா. தையலை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிறேன். சேலையையும் நூலையும் நீங்களே கொண்டுபோங்க.”

அப்போதாவது உறைக்கும் என்று பார்த்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“பிரிக்கிறதுக்குக் கூலி கேக்க மாட்டியே?”

இவரிடம் பிரிப்பதற்கும் கூலி கேட்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.