எலி நாற்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பாலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆய்வகத்தில் எனக்கு வேலை. எலியின் ஸ்டெம் செல்களை வளர்த்து, டோபமைன் சுரக்கும் மூளைச் செல்களாக மாற்ற வேண்டும். செல்களின் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப்போல இதற்கும் தீபாவளி, பொங்கல் லீவு கிடையாது.

ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நடுக்குவாதம். மூளையில் டோபமைன் குறைந்ததால்தான் கை நடுங்குகிறது, அதைச் சுரக்கும் செல்களைத்தான் நான் வளர்க்கிறேன் என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"இன்னாம்மா, நாத்து எப்டி கீது?"

"நல்லாதான் கீது நைனா. ஆனா அது எலியோடது."

"எலியா? நம்ம நெல்லத் துன்னுதே, அதுவா? துன்னதுக்கு இதாவது பண்ணட்டும்."

அது அவர் மூளையில் வைப்பதற்கல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயுதபூஜைக்கு வீட்டாரை அழைத்துவரலாம் என்றார்கள். செல்கள் வளரும் பெட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் சந்தனம், குங்குமம் வைக்க அனுமதி. நைனா சலவை வேட்டியில் அம்மாவோடு வந்து, பொரிப் பொட்டலத்துடன் மைக்ராஸ்கோப் மேசைமுன் உட்கார்ந்தார். அதோடு இணைத்த திரையில் செல்கள் மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

நைனா மேசைமேல் கையை வைத்தார். திரையில் எல்லாம் குலுங்கியது.

"அய்யய்யோ, அதுங்களுக்கும் நடுக்கமா?"

"உன் கைதான் நைனா. எடு."

எடுத்தார், நின்றது. வைத்தார், குலுங்கியது. அவருக்கு ஒரே சிரிப்பு. "இன்னாய்யா, சின்னப் புள்ளயாட்டம்!" என்று அம்மா அதட்டும்வரை விளையாடினார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"எனக்கு எப்போ வெப்பாங்க?"

"இது உனக்கு இல்ல நைனா. மனுசனுக்கு வெக்க இன்னும் ரொம்ப வருசம் ஆவும்."

நைனா பொரியை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டார்.

"டிவிய அணைச்சிடாதம்மா," என்றார். "நல்லா வேர் உட்டுக்கினு கீதுங்க. ஆட்டாம பாக்கறேன்."