மெத்தை ஊத அரை ஹெச்.பி.

கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கடையில் விற்பனையாளனாக நின்று பத்து வருஷம் பிழைத்தவன் நான். கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, கரண்ட் எப்போது வருகிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “உங்களுக்கு இது போதுங்ணா” என்று எதிரில் நிற்பவரின் ஆசையைக் குறைப்பதுதான் என் வேலை. எங்கள் பக்கத்து விவசாயிகள் லேசில் குறைய மாட்டார்கள். அஞ்சு ஹெச்.பி. போதும் என்றால் ஏழரை கேட்பார்கள். மனசுக்குள் சிரித்துக்கொண்டே பில் போடுவேன். அப்படிச் சிரித்தவன் ஒரு மெத்தைக்குப் பம்பு பார்த்த கதை இது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும், வார்ப்படப் பட்டறை வைத்திருந்த என் நண்பனுக்கும் கூடாரப் பைத்தியம் பிடித்திருந்தது. லீவு கிடைத்தால் குடும்பத்தோடு ஏதாவது தோப்பில் கூடாரம் அடிப்போம். என் மனைவிக்கு இடுப்பு வலி. ஒரு தடவை தரையில் படுத்துத் திரும்பியவள், ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

“இன்னொருக்கா என்னைத் தரையில படுக்க வெச்சீங்கன்னா, அப்புறம் நீங்களும் உங்க கூடாரமும்தானுங்க. நான் ஊட்லயே இருந்துக்கறேன்.”

சொன்னால் செய்கிறவள். அவள் வராவிட்டால் எனக்குக் கூடாரத்தில் என்ன வேலை? என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

விஷயம் சிங்கப்பூரில் இருந்த அவள் அண்ணன் காதுக்குப் போய், ஒரு காற்று மெத்தை வந்து சேர்ந்தது. பம்பு இல்லை. போனில் கேட்டேன்.

“கோயமுத்தூருக்கு நான் பம்பு அனுப்பறதா மாப்ளே? கேட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?”

நியாயம்தான். முதலில் சைக்கிள் பம்பை எடுத்தேன். மெத்தையின் வாய் கட்டைவிரல் தண்டி இருந்தது. சைக்கிள் பம்பின் முனை அதற்குள் போன இடம் தெரியவில்லை. பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கேட்டால், “ஊதிப்போடலாமுங்க. வெடிச்சா என்னையக் கேக்கப்படாது” என்றார் கடைக்காரர். கடைசியில் ஒரு பொம்மைக் கடையில், நீச்சல் வளையம் ஊதுகிற கால் பம்பு இருந்தது. பச்சை பிளாஸ்டிக். தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

“இது போதுமுங்க” என்றாள் மனைவி.

“கண்ணு, இது பலூன் ஊதற சாமான். பம்பு விக்கறவன் ஊட்டு மெத்தைக்கு இதா?”

கடைக்காரர் முன்னால் சத்தமாகவே சிரித்தேன். அவள் தவளையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

நண்பனுடைய பட்டறையில் உலைக்குக் காற்றடிக்கிற புளோயர் ஒன்று சும்மா கிடந்தது. அரை ஹெச்.பி., மூணு பேஸ் மோட்டார். மெத்தையின் வாய்க்குப் பொருத்தமாக லேத்தில் ஒரு பித்தளை மூக்கு கடைந்து, குழாயில் மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் மெத்தை பொம்மென்று எழுந்து நின்றது. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

மனைவி, நண்பன், நான் மூன்று பேரும் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கிளம்பினோம். தோப்புக்காரர் என் வாடிக்கையாளர். அஞ்சு போதும் என்று நான் மன்றாடியும் ஏழரை வாங்கிப் போனவர். மோட்டார் ரூம் பக்கத்திலேயே கூடாரம். அவர் மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்தே புளோயருக்கும் ஒயர் இழுத்து, நண்பன் பச்சைப் பட்டனை அமுக்கினான். ஒரு சத்தமும் இல்லை. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

தோப்புக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏந் தம்பி, இது மூணு பேஸுங்களா?”

“ஆமாங்ணா.”

“மூணு பேஸ் இனி விடியறப்பத்தானுங்க. கரண்ட் எப்ப வருதுன்னு பாத்து மோட்டார் வாங்கோணும்னு நீங்கதான என்ற கிட்டச் சொன்னீங்க?”

நான் பல்பைப் பார்த்தேன். அது எரிய ஒரு பேஸ் போதும்.

“ஏழரை எதுக்குன்னு அன்னைக்கு மனசுக்குள்ள சிரிச்சீங்க. மெத்தைக்கு எதுக்குங்க அரை ஹெச்.பி.? உள்ள போர் போட்டிருக்கீங்களா?”

வேறு வழியில்லாமல் பித்தளை மூக்கைக் கழற்றிவிட்டு வாயால் ஊதினோம். நான் ஊதினேன், தென்னை மரங்கள் சுற்றின. நண்பன் ஊதினான், அவன் உட்கார்ந்துவிட்டான். மெத்தை அப்பளம் மாதிரியே கிடந்தது. மனைவி தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அம்மணி நீங்க வாங்க” என்று தோப்புக்காரர் மோட்டார் ரூமிலிருந்து கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். அவள் அதில் படுத்தாள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூக்கை மறுபடி மெத்தை வாயில் செருகிவிட்டு, வெளியே கட்டிலுக்குப் பக்கத்திலேயே அந்த அப்பளத்தின்மேல் நானும் நண்பனும் படுத்தோம்.

ஒன்றை இரண்டு பேருமே மறந்துபோனோம். எங்கள் பக்கம் மோட்டாருக்கு ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருப்பார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். விவசாயி நிம்மதியாகத் தூங்கலாம்.

விடிகிற நேரத்தில் கரண்ட் வந்தது. ஏழரை ஹெச்.பி. வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது, அரை ஹெச்.பி. எங்கள் தலைமாட்டில் ஊளையிட்டது. என்னவென்று புரிவதற்குள் மெத்தை மேலெழும்பி, நண்பனை அந்தப் பக்கமும் என்னை இந்தப் பக்கமும் உருட்டிவிட்டது. நான் உருண்ட பக்கம்தான் வாய்க்கால் இருந்தது.

நனைந்து எழுந்து பார்த்தால், மனைவி கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலியோ என்று பதறிப் போனேன். இல்லை, சிரிப்பு.

“ஏனுங்க, அடுத்த தடவையும் நான் வாரனுங்க.”

“நெசமாவா?”

“பம்பு மட்டும் நான் பாத்து வாங்கிக்கறேன்.”

அடுத்த வாரம் அதே பொம்மைக் கடை. அவள் தவளையைத் தரையில் வைத்து மிதித்துப் பார்த்தாள். வழுக்குமா, குழாய் தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாள் உழைக்கும் என்று, நான் கடையில் விவசாயிகளைக் குடைகிற மாதிரியே கடைக்காரரைக் குடைந்தாள். நான் மெத்தையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

“நமக்கு இது போதுமுங்க” என்றாள் என்னைப் பார்த்து.

என் வாடிக்கையாளர்கள் தலையாட்டுகிற மாதிரியே நானும் ஆட்டினேன். அந்தப் பித்தளை மூக்கு வீண் போகவில்லை. பூஜை அறையில் ஊதுபத்தியைக் கட்டாகச் செருக அளவெடுத்தது மாதிரி இருக்கிறது.